கல்லில் திரித்த திரி

அரியலூரில் பிறந்தவர்களுக்குக் கல் என்றால் ஒன்றுதான், சுண்ணாம்புக்கல். லாரி லாரியாக சிமெண்ட் ஆலைக்குப் போகும். வழியெல்லாம் தூசி விழும். கொடியில் காய்ந்த சட்டையை இன்னொரு தரம் உதறித்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் எம்.எஸ்சி. ஜியாலஜியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வேண்டியதெல்லாம் வேறு நிறத்தில் ஒரு கல். அது அத்தை வீட்டுக் கிணற்றில் கிடைத்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. அரும்பாவூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் வீடு. மாமா சின்ன வெங்காயம் போடுகிறவர். தண்ணீர் வற்றிப்போன வயல்கிணற்றை அந்த ஆடியில் ஆள்வைத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். அத்தை போன் பண்ணினாள்.

"கல்லு படிக்கிறேன் கல்லு படிக்கிறேன்னு சொல்றியே பாப்பா, இங்க ஒரு கல்லு வந்துருக்கு. தொட்டா சோப்பு மாதிரி வழுக்குது. வேலைக்கு வந்தவங்க எறங்க மாட்டேங்கறாங்க. வந்து என்னான்னு சொல்லிட்டுப் போ."

அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

கிரேன் தொட்டியில் உட்காரவைத்து என்னை இறக்கினார்கள். உச்சிவெயில் நேரம். பாதிக் கிணறுவரை நான் எதிர்பார்த்த சாம்பல்நிறப் பாறைதான். அதற்குக் கீழே, யாரோ கோடு கிழித்துவிட்டதுபோல், சுவர் பச்சையாகிவிட்டது. இலைப்பச்சை இல்லை. பாசி பிடித்த கண்ணாடி பாட்டிலின் பச்சை. அங்கங்கே கறுப்புத் திட்டுகள். கை வைத்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தால் ஈரமே இல்லை. இன்னொரு முறை வைத்தேன். அப்போதும் அப்படித்தான். மேலே கிரேன் எஞ்சினை நிறுத்தினார்கள். என் மூச்சே எனக்குப் பின்னால் வேறு யாரோ நின்று மூச்சுவிடுவதுபோலக் கேட்டது. அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. பயமாக இருந்தது என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு மேலே ஏறவே மனசில்லை.

ஏறி வந்ததும் மாமாவிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். அது செர்பென்டினைட் என்ற பாறை. சேலம் பக்கம் உண்டு. இங்கே இருப்பதாக நான் பார்த்த எந்த மேப்பிலும் இல்லை. பூமிக்கு வெகு ஆழத்தில், தண்ணீர் என்பதையே அறியாமல் உருவான கல்தான் இதன் மூலம். ஆலிவின் என்ற கனிமம் நிறைந்த கல். மேலே தள்ளப்பட்டு வந்த பிறகு, வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் அதனிடம் வந்துசேர்கிறது. வந்த தண்ணீர் மேலாக ஓடிப் போய்விடுவதில்லை, கல்லுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. ஆலிவின் அந்தத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வேறு கனிமமாகிறது. கல் சூடாகிறது, ஹைட்ரஜன் வாயு கிளம்புகிறது, கல் வீங்குகிறது. வீங்கியதால் தானே வெடிக்கிறது. அந்த வெடிப்பில் மறுபடி தண்ணீர். இப்படியே போய், கடைசியில் கல்லின் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு தண்ணீர்தான். ஆனால் பிழிந்தால் ஒரு சொட்டு வராது.

மாமா பொறுமையாகக் கேட்டார். "அப்ப என் கிணத்துத் தண்ணிய இந்தக் கல்லு குடிச்சுருச்சுங்கற."

"உங்க தண்ணி இல்ல மாமா. மனுசன் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி குடிச்சது."

"எப்பக் குடிச்சா என்ன. எனக்கு இல்ல, அவ்வளவுதானே."

அதோடு கிணற்று வேலை நின்றது. வெட்டி எடுத்த பச்சைக்கல் வீட்டுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலில்தான் வெள்ளை நரம்புகளைப் பார்த்தேன். வெடிப்புகளில் வளர்ந்த இன்னொரு வடிவம். நகத்தால் நெம்பினால் கல் இழை இழையாகப் பிரிந்தது. பட்டு நூல்போல, வெள்ளையாக, மெத்தென்று. அத்தைக்கு நம்ப முடியவில்லை. எனக்கோ வேடிக்கை காட்ட ஆள் கிடைத்துவிட்டது. ஒரு கற்றையை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன். சிவந்து கனன்றது. வெளியே எடுத்தால் பழையபடி வெள்ளை.

"கருகலையே," என்றாள் அத்தை.

"கருகாது அத்தை. கல்லுல்ல."

அதன் பெயர் கிரைசோடைல் என்பதும், ஆஸ்பெஸ்டாஸ் வகை என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும் என்று பாடத்தில் ஒரு வரி இருந்தது. அது ஆலைத் தொழிலாளர்களுக்கான வரி என்று நினைத்தேன். அத்தை வீட்டு அடுப்படிக்கும் அந்த வரிக்கும் என்ன சம்பந்தம்? சாம்பிளைப் பையில் போட்டுக்கொண்டு மூன்றரை மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

காலேஜில் அந்தக் கல்லை மெல்லிய சீவலாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஆலிவின் மணிகள் வரிசையாக, முழுசாகத் தெரிந்தன. கல்சீவல் இருந்த மேடையைச் சுழற்றியதும் புரிந்தது, அங்கே ஆலிவினே இல்லை. மணியின் உருவம் மட்டும் அப்படியே நிற்கிறது. உள்ளே இருப்பது முழுக்க வேறு. ஆள் போய், ஆள் இருந்த இடம் மட்டும் ஆள்போல உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு ஒரு துண்டை சோதனைக்குழாயில் போட்டு நெருப்பில் நன்றாகக் காய்ச்சினேன். வெகு நேரம் கழித்துக் குழாயின் மேல்பக்கத்தில் பனிபோல் துளிகள் படிந்தன. கல்லிலிருந்து வந்த தண்ணீர். ஏதோ ஒரு காலத்து மழையோ, கடலோ. அன்று இரவு மெஸ்ஸில் தண்ணீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு தடவை அத்தை போனில், "பாப்பா, ஒங் கல்லுத்திரி இன்னும் எரியுது," என்றாள். சிரித்தேன். க்ளாஸுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டேன்.

தையில் மறுபடி கூப்பிட்டாள். அத்தைக்கு ஒரே மகள். எனக்கு அத்தாச்சி. ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இப்போது தலைப்பிரசவம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும், வீட்டை ஒழிக்க ஒத்தாசைக்கு வா என்றாள். வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன்.

உள்ளறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரு தூண் அளவு வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள் ஆயிரக்கணக்கான ஊசிகள் மினுங்கின. கீழே விழவில்லை. மேலேயும் போகவில்லை. அதற்கு நடுவே அத்தை உட்கார்ந்து, மடியில் கல்லை வைத்து, ஒரு பழைய பேன்சீப்பால் நார் சீவிக்கொண்டிருந்தாள். அவள் புருவத்தில், முன்முடியில், தோளில் வெள்ளைப் பஞ்சு படிந்திருந்தது. ஐந்து மாதத்தில் பத்து வயது கூடியதுபோல் இருந்தாள். மூலையில் அம்மன் படத்துக்கு முன்னால் அகல் எரிந்தது.

"வா பாப்பா. வாசல்லயே நிக்கிற?"

அந்தப் பக்கத்தில் வேண்டுதல் விளக்குக்கு ஒரு முறை உண்டு. ஏற்றிய விளக்கைத் திரி முடிகிறவரை எண்ணெய் விட்டுக் காக்க வேண்டும். திரி தீர்ந்து தானாக மலையேறினால் வேண்டுதல் ஏற்கப்பட்டது. நடுவில் அமர்த்தினால் யாருக்காக ஏற்றினோமோ அவர்களுக்கு ஆகாது. பஞ்சுத் திரி என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அத்தைக்கோ மகளின் தலைப்பிரசவம் முடிகிறவரை நின்று எரிய ஒரு திரி வேண்டியிருந்தது. என் வேடிக்கை ஞாபகம் வந்திருக்கிறது. முதலில் திரித்தது மெல்லிசாக இருந்ததால் வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக நார் சீவி அதோடு முறுக்கிச் சேர்த்திருக்கிறாள். அந்த விளக்கை விட்டு வெளியூர் போகவில்லை. அதன் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். மகளுக்கும் அதே அறையில்தான் கட்டில் போட்டு வைத்திருந்தாள். புது மெத்தை விரிப்பின்மேல் மாவு தூவியதுபோல் வெள்ளை.

அத்தையை வெளியே இழுத்து வந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை மெதுவாகச் சொன்னேன்.

"ஆஸ்பெட்டாஸா? பின்கட்டுல சீட்டே அதானே போட்டுருக்கு. அதுக்குக் கீழ எத்தினி வருசமா சோறாக்கறேன்."

"அது சிமெண்ட்டுல கட்டிப்போட்டுக் கெடக்கு அத்தை. இது அவுந்து பறக்குது. மூச்சோட உள்ள போனா திரும்ப வராது."

"உள்ள போயி என்ன பண்ணும்?"

"உடனே ஒண்ணும் பண்ணாது. இருக்கும். இருபது, முப்பது வருசம் கழிச்சு எந்திரிக்கலாம். எந்திரிக்காமலும் போவலாம்."

"எனக்கு அப்ப என்ன வயசாயிருக்கும்," என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "பொறக்கப்போற புள்ளைக்கு முப்பது வயசுதான் அத்தை ஆயிருக்கும்," என்றேன்.

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வெளக்க அமத்த மாட்டேன்," என்றாள். "அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங் காலேஜு வந்து பதில் சொல்லுமா?"

மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு அகலின் முன்னால் போய்க் குந்தினேன். சுடருக்குள் இருந்த திரிமுனை மட்டும் நிறம் மாறி, வெளுத்த சாம்பலாக இருந்தது. ஐந்து மாதமாக அந்த முனை நெருப்பில் இருக்கிறது. குழாயில் நான் கண்ட அதே வேலை இங்கே நடந்திருக்கிறது. குடித்த தண்ணீரை நெருப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிட்டது. இது இப்போது நார் இல்லை. தண்ணீர் வருவதற்கு முன்பு அந்தக் கல் எதுவாக இருந்ததோ, அதற்கு நெருங்கிய ஒன்று.

"அத்தை, முனையத் தூண்டிப் பாருங்க."

திரி தூண்டும் குச்சியால் தொட்டாள். முனை ஒடியவில்லை, உதிர்ந்தது. பொடியாக எண்ணெயில் விழுந்தது. அவள் கை நின்றது. மறுபடி தொட்டாள். மறுபடி உதிர்ந்தது. எண்ணெயும் அன்றைக்கு இன்னும் விட்டிருக்கவில்லை. சுடர் ஒரு தரம் நீண்டு, நீலமாகி, இல்லாமல் போனது. புகைகூட வரவில்லை.

"நான் அமத்தல," என்றாள் அத்தை, படத்தைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, "தொட்டேன். தானா முடிஞ்சுது. நீ பாத்தல்ல?"

"பாத்தேன் அத்தை."

அது உண்மைதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த கவலை ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. எத்தனை தரம் கழுவினால் இந்த வீட்டில் நார் இருக்காது என்று அத்தை கேட்டாள். தெரியாது என்றேன். சம்பந்தியிடம் கல், நார், தூசி என்றெல்லாம் சொன்னால், பெண்ணைப் பார்த்துக்கொள்ள வக்கில்லாமல் கதை கட்டுகிறார்கள் என்பார்கள். அத்தை போனை எடுத்தாள். குரல் நடுங்கவில்லை.

"சம்பந்தி, இவுகளுக்கு அம்மை போட்டுருக்கு. ஆமாங்க, நேத்துதான். புள்ளத்தாச்சி இந்தப் பக்கமே வரக்கூடாது. வளையல அங்கயே போட்டுருங்க. அவ அங்கயே இருக்கட்டும்."

அந்தப் பக்கம் மறுபேச்சே இல்லை. அம்மை என்றால் யார் கேள்வி கேட்பார்கள்?

மாமா வயலிலிருந்து சாப்பிட வந்தார். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. "யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான். உள்ள வராதீங்க, மாட்டுக்கொட்டாயில படுங்க. பதினஞ்சு நாளைக்கு ரோட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது."

"எனக்கே சொல்லாம எனக்கு அம்மையா?" என்று மாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வேப்பிலையைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வாசலோடு திரும்பினார்கள். அது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. மாமாவிடமும் விஷயத்தைச் சொல்லி, மூன்று பேரும் முகத்தில் ஈரத்துணி கட்டி, விளக்குமாறைத் தொடாமல், ஈரச்சாக்கால் துடைத்துத் துடைத்து எடுத்தோம். மெத்தை, சீப்பு, நார், பச்சைக்கல் எல்லாம் நனைத்த சாக்கில் கட்டி அந்த வறண்ட கிணற்றுக்குள் போயிற்று. மேலே மண் தள்ளினோம். தாளித்தால் அம்மனுக்கு ஆகாது என்று அத்தை அந்தப் பதினைந்து நாளும் தாளிக்கவே இல்லை. பொய் அம்மைக்கும் அதே பத்தியம்தான். "அம்மன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றாள்.

மாசியில் ஜெயங்கொண்டத்தில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அத்தை உள்ளே நுழையாமல், கொல்லைக்குழாயில் மூன்று முறை தலைமுழுகி, கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகாமலே பையில் சுற்றி வந்திருந்த புதுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். அம்மை கண்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு எவ்வளவு சுத்தம் என்று சம்பந்தி மெச்சிக்கொண்டார். அத்தாச்சி மட்டும் முகம் கொடுக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வரவிடவில்லை என்ற கோபம். குழந்தையைத் துணியோடு நீட்டினாள்.

அத்தை கையை நீட்டி, நிறுத்தினாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளே இருந்த மூச்சு முழுவதையும் மெல்ல வெளியே விட்டாள். அதற்குப் பிறகுதான் குழந்தையை வாங்கினாள். கையில் இருந்தவரை அவள் அதன் முகத்துக்கு நேராகக் குனியவில்லை.