களஞ்சியத்தின் ஒன்பது பலகைகள்

இது பட்டப்பகலில் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரி ஊளையிடவில்லை. கரண்ட் போகவில்லை. கொலுசுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மதியம் மூன்று மணி பத்து நிமிடம். சுவரில் கடிகாரம் இருந்தது, பார்த்தேன், சொல்கிறேன். நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. போன வருஷம் வரை நானும் அந்தக் கட்சிதான். உறுப்பினர் அட்டை மட்டும்தான் வாங்கவில்லை.

என் தொழில் மர வேலை. அதிலும் பழைய மரம். இடிக்கப்போகிற கொட்டகை, களஞ்சியம் என்று எங்காவது கேள்விப்பட்டால் போய் நிற்பேன். பலகைகளைப் பிரித்து, ஆணி பிடுங்கி, மேஜை நாற்காலி செய்து கொடுப்பேன். கூடவே ஒரு பித்தளைத் தகடு. அதில் அந்த மரத்தின் குடும்ப வரலாறு. வரலாறு இல்லாத குடும்பத்துக்கு நானே எழுதிக் கொடுப்பேன். இதுவரை யாரும் திருத்தம் கேட்டதில்லை.

பழைய மரத்தில் ஒரு விசேஷம் உண்டு. புது மேஜையில் ஒரு கீறல் இருந்தால் முகத்தில் வீசுவார்கள். பழைய பலகையில் கீறல் இருந்தால் தடவித் தடவிக் கண் கலங்குவார்கள். அதனால் கீறல் உள்ள பக்கத்தை எப்போதும் மேலே வைப்பேன். இழைக்க மாட்டேன். கண்ணாடி மாதிரி பசை ஊற்றி அப்படியே மூடிவிடுவேன்.

அந்தப் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் தங்கையின் கணவரை எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு சங்கங்களுக்குத் தலைவர். அதில் இரண்டு சங்கங்களில் அவரைத் தவிர உறுப்பினர் கிடையாது என்பது என் கணக்கு. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதென்றாலும் தொண்டையைச் செருமி, 'இந்த வேளையில்' என்று ஆரம்பிப்பார். ஏழாவதாக வணிகர் சங்கத் தலைவர் பதவி காலியானது. ஓட்டுப் போடும் இருபது பேருக்கு வீட்டில் விருந்து கொடுக்க முடிவு செய்தார். விருந்துக்கு ஒரு மேஜை வேண்டும். தன் தாத்தா கட்டிய களஞ்சியத்தின் மரத்திலேயே வேண்டும்.

"தகட்டுல எழுதிக்குங்க மச்சான். பஞ்சத்துல ஆயிரம் வயிறு நிறைச்ச களஞ்சியம்."

"ஆயிரமா மாப்பிள்ளை?"

"சரி, ரெண்டாயிரம்."

அன்று மாலை தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இதை மட்டும் நல்லா செஞ்சு குடுத்துடு."

பதினாறு வருஷமாக அந்த வீட்டில் என் பெயர் ஒரு நகைச்சுவை. அவள் கல்யாணத்துக்கு நான் செய்து கொடுத்த கட்டில் மூன்றாம் நாள் கால் உடைந்தது. அதிலிருந்து குழம்பில் உப்பு கூடினாலும், குழாயில் தண்ணீர் ஒழுகினாலும், தலைவர் சாப்பாட்டு இடத்தில் எல்லோர் எதிரிலும் ஒன்றுதான் சொல்வார்: "உங்க அண்ணன் கைராசி அப்படியே உனக்கும்." அவள் தலை குனிந்து பரிமாறுவாள்.

"ஒரே ஒரு தடவை அவரு வாயால, நாலு பேர் முன்னாடி, நல்லா செஞ்சிருக்கான்னு கேட்டுட்டா போதும்ணா. அதுக்கப்புறம் நான் நிமிந்து நடந்துப்பேன்."

செய்து தருகிறேன் என்றேன்.

களஞ்சியம் ஊருக்கு வெளியே தனியாக நின்றது. ஜன்னல் இல்லை. ஒரே கதவு. நானும் என் பாலிஷ்காரரும் போனோம். அவர் விரல்களில் எப்போதும் பசை காய்ந்திருக்கும், அதனால் கோந்து என்பது பெயர். தலைவர் மேற்பார்வை பார்க்க வந்தார். அதாவது நிழலில் நின்றார். அவருடைய அப்பாவும் வந்திருந்தார். எண்பத்தைந்து வயது. காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

கதவை ஒட்டி இருந்த சுவரில்தான், நெட்டுக்குத்தாக நின்ற நல்ல பலகைகள். கதவிலிருந்து ஆரம்பித்து ஒன்று, இரண்டு என்று சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டே பிரித்தேன். மொத்தம் ஒன்பது. கார்க் கண்ணாடி இறங்கியது.

"அந்தச் சுவரு வேணாம்" என்றார் பெரியவர்.

"ஏன் மாமா?"

கண்ணாடி மறுபடி ஏறியது.

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்றார் தலைவர். "பாசம். வேற ஒண்ணும் இல்ல."

பலகைகளின் வெளிப்பக்கம் வெயிலில் கறுத்து வெறுமையாக இருந்தது. உள்பக்கம் முழுக்கக் கீறல். சின்னச் சின்னக் கீறல்கள், நான்கு நான்காக.

எனக்கு ஒரே சந்தோஷம்.

புதன்கிழமை பட்டறையில் ஒன்பதையும் வரிசையாகப் பரப்பினேன். கீறல்கள் முதல் பலகையில் ஆள் நெஞ்சு உயரத்தில் இருந்தன. இரண்டாவதில் கொஞ்சம் கீழே. ஐந்தாவதில் இடுப்புக்கும் கீழே. எட்டாவதில் முழங்கால். ஒன்பதாவதில்... தரையிலிருந்து ஒரு சாண். சேர்த்து வைத்தபோது ஓவியன் வரைந்த மாதிரி ஒரு சரிவு.

படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பினேன். உடனே போன்.

"தாத்தாவோட கலை ரசனையைப் பாருங்க மச்சான்!"

"எலி கீறினதா இருக்கும் மாப்பிள்ளை."

"எங்க வீட்டு எலிக்கும் ரசனை உண்டு."

கோந்து ஊசியால் இடுக்குகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஆறாவது பலகையில் நிறுத்தினார். இடுக்கியால் எதையோ இழுத்தார். மஞ்சளாக, வளைந்து, சுண்டு விரல் அகலத்தில்.

"மாட்டுக் கொம்புச் சில்லு" என்றேன்.

அவர் தன் நகத்தைப் பார்த்தார். அதைப் பார்த்தார். குப்பையில் போட்டார்.

அன்றுதான் முதல் தடவை கேட்டது. சர்ர்க்... சர்ர்க்... உலர்ந்த, மெல்லிய சத்தம். மணி பார்த்தேன். மூன்று பத்து.

"எலி" என்றேன்.

"பலகைக்குள்ளயா?" என்றார் கோந்து.

வியாழக்கிழமையும் அதே நேரம். இந்தத் தடவை ஒன்பதாவது பலகைக்கு அடியில் மரத்தூள். பழைய மரத்தை மேலே கீறினால் தூள் கறுப்பாக வரும். ஆழத்தில் புதிதாகக் கீறினால்தான் மஞ்சள். இது மஞ்சள். ஒரு கைப்பிடி இருந்தது. கோந்து கையைக் கழுவினார்.

"நாளைக்கு எனக்கு உடம்பு சரியிருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே வெள்ளிக்கிழமை வரவில்லை.

பசை ஊற்ற வேண்டிய நாள் அது. தனியாகத்தான் இருந்தேன். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எதிர்க் கடையில் யாரோ சிரித்தார்கள். நல்ல வெயில்.

மூன்று பத்து.

சர்ர்க்... சர்ர்க்...

பேய் என்றால் சிரிக்கிறவன் நான். சிரிக்கத்தான் போனேன். ஒன்பதாவது பலகையை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்ப்பிலிருந்து எடுத்து நிமிர்த்திப் பிடித்தேன். இரண்டு விரல் தடிமன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. இந்தப் பக்கம் நான்.

இரண்டு தட்டுத் தட்டினேன்.

சத்தம் நின்றது.

பிறகு... டொக். டொக்.

என் உள்ளங்கை பலகையின் மேல் இருந்தது. அதற்குக் கீழே, மரத்துக்குள், நான்கு விரல்கள் நகர்ந்தன. மெதுவாக. மேலிருந்து கீழே.

பலகையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். நடுவெயிலில் நின்று தங்கைக்குப் போன் செய்தேன்.

"மேஜை வேணாம்மா. வேற மரத்துல செஞ்சு தரேன்."



"கட்டில் மாதிரி ஆயிடுச்சா அண்ணா?"

"அது இல்லம்மா..."

"பரவால்ல. நான் சொல்லிக்கிறேன். பழக்கம்தானே."

அழவில்லை. அழுதிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். "இல்ல இல்ல, கொண்டு வரேன்" என்று சொல்லி வைத்தேன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளே போனேன். பசையைக் கலந்து ஊற்றினேன். கீறல் ஒவ்வொன்றும் நிறையும்வரை ஊற்றினேன். காற்றுக் குமிழ்கள் எழும்பி வந்தன. எல்லாப் பசையிலும் வரும். ஆனால் இவை நான்கு நான்காக வந்தன.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு விருந்து. மேஜை பளபளத்தது. இருபது பேரும் தடவிப் பார்த்தார்கள். "என்ன டிசைன்!", "எவ்வளவு உயிரோட்டம்!" என்றார்கள். ஒருவர் கீறல்மேல் விரலை வைத்து, தன் கையும் அதற்குப் பொருந்துகிறது என்று சிரித்தார். பெரியவர் மட்டும் உட்காரவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

தலைவர் செருமினார். தாத்தா, பஞ்சம், இப்போது மூவாயிரம் வயிறு. கடைசியில் என் தோளில் கை போட்டார்.

"செஞ்சது என் மச்சான். பிரமாதமா செஞ்சிருக்காரு."

கைதட்டினார்கள். என் தங்கை கதவருகே தட்டுடன் நின்றாள். நிமிர்ந்தாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவை அந்த அறையில் அவள் முகத்தை முழுதாகப் பார்த்தேன்.

தலைவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். நான் எதிரே இருந்தேன்.

சாப்பாடு முடிந்து பேச்சு நீண்டது. தாத்தாவின் பித்தளைத் தராசைக் காட்டுகிறேன் என்று எழுந்தார். அது சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் இருந்தது. போனார்.

மூன்று பத்து.

மூன்று இருபதுக்குச் சத்தம் கேட்டது. சர்ர்க்... சர்ர்க்... "தலைவர் எதையோ நகர்த்துறாரு" என்றார் ஒருவர். "தேர்தலுக்கு முன்னாடியே வேலையா!" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.



மூன்று இருபத்தைந்து. டொக். டொக்.

மூன்று முப்பது. சத்தம் தரைக்கு அருகில் கேட்டது.

மூன்று முப்பத்தைந்து.

நிசப்தம்.

தங்கைதான் போனாள். அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. தாழ்ப்பாளும் கிடையாது. சாத்தினால்கூடச் சரியாகச் சாத்தாது. ஒரு விரலால் தள்ளினாள்.

திறந்தது.

அவர் உள்ளே, மூலையில், குப்புறக் கிடந்தார்.

நகங்கள் இல்லை.

கதவை ஒட்டிய சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. நெஞ்சு உயரத்தில் ஆரம்பித்து... இடுப்பு... முழங்கால்... தரையிலிருந்து ஒரு சாண்.

ஆம்புலன்ஸ் வந்தது. இருபது பேரும் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"நல்லா செஞ்சிருக்காருன்னு சொன்னாருல்லண்ணா? எல்லாரும் கேட்டாங்கல்ல?"

"கேட்டாங்கம்மா."

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மறுநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். சிடுசிடுப்பான மனிதர். பொய் சொல்கிறவர்களைப் பிடிக்காது என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"எத்தனை நாளா அடைச்சு வெச்சிருந்தீங்க?"

"அடைக்கல டாக்டர். இருபத்தஞ்சு நிமிஷம்..."

"வயித்துல ஒரு பருக்கை இல்ல. உடம்புல தண்ணியே இல்ல. நாக்கு வெடிச்சிருக்கு. இது ஏழு நாள் கேஸ்."

இருபது பேர் சாட்சி சொன்னார்கள். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். காகிதத்தில் ஏதாவது எழுதித்தானே ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் பெரியவர் அறைக்குப் போனேன். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"யாரு மாமா அது?"



"பேர் தெரியாது. பஞ்சத்துல நடந்து வந்தவன். கைப்பிடி தானியம் எடுத்தான். எங்கப்பா உள்ள தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டாரு. 'தானியம்தானே வேணும், தின்னு' அப்படின்னாரு. தண்ணி குடுக்கல, பச்சைத் தானியம் தொண்டையில இறங்கல. எனக்கு எட்டு வயசு. வாசல்ல என்னைக் காவல் வெச்சாரு."

"ஏழு நாளா?"

"ஏழு நாள். ஆனா ரெண்டாம் நாள் மத்தியானம், மணி மூணு தாண்டி, அப்பா தூங்குனப்போ நான் தாழ்ப்பாளை எடுத்துட்டேன். சத்தம் வராம, எண்ணெய் போட்டு இழுத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"அப்ப அவன் ஏன் வெளிய வரல?"

"முதல் நாள் பூரா கதவைத் தள்ளிப் பாத்துட்டான். பூட்டியிருக்குன்னு தெரிஞ்சப்புறம் மறுபடி தள்ளுவானா? சுவரைச் சுரண்ட ஆரம்பிச்சான். ஒவ்வொரு பலகையா... கதவை விட்டுத் தள்ளிப் போயிட்டே இருந்தான். நான் இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுட்டே இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா? திறந்திருக்குன்னு?"

பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். எட்டு வயசுக் கண்கள்.

"சொன்னா அப்பா முழிச்சுக்குவாரு."