செயற்கைக்கோள் வாங்க எங்களிடம் கேட்டார்கள்

அரசாங்கம் ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் அதை விற்கிறவர்களையே கூப்பிட்டு, "என்ன வாங்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்கும் என்பது நான் பணி ஓய்வு பெறும்வரை எனக்குத் தெரியாது. அதுவும் வானிலை செயற்கைக்கோள் வாங்க! விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, "அண்ணே, எனக்கு எந்தச் சேலை எடுக்கலாம்?" என்று கேட்டால் அவர் எந்தச் சேலையை எடுத்துப் போடுவார் என்று நமக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியாதா? இந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பையில் என்ன இருக்கிறது என்றே கேட்கிற ரகம்.

கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தது என் தம்பி மூலமாக. கோச்சடையில் எங்கள் வீட்டு மாடியில்தான் அவன் தொழில். முன்பு கேபிள் டிவி நடத்தினான். சனம் எல்லாம் செல்போனில் படம் பார்க்கத் தொடங்கியதும் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மனசு விட்டு உட்கார்ந்திருந்தான். நான் அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வானிலை செயற்கைக்கோள் எடுக்கிற மேகப் படத்தை அதுவே கீழ்நோக்கி ஒளிபரப்புகிறது, ஒரு டிஷ்ஷும் ஒரு பெட்டியும் இருந்தால் இன்டர்நெட் இல்லாமலே பிடிக்கலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். டிஷ்ஷைத் திருப்புவது அவனுக்குக் கைவந்த கலை. அந்த வாரமே வங்காள விரிகுடாவின் மேகத்தை எங்கள் மாடிக்கு இறக்கிவிட்டான். அதன்பிறகு கல்லூரிகளுக்கும், மேலூர்ப் பக்கம் ஒரு விவசாயிகள் குழுவுக்கும் டிஷ் மாட்டிக் கொடுத்து நிமிர்ந்தான்.

அரசாங்கம் அடுத்த வானிலை செயற்கைக்கோள்களைத் தனியார் கம்பெனிகளிடமிருந்து வாங்கப்போகிறதாம். டெண்டர் விடுவதற்கு முன்னால், இந்தத் தொழிலில் இருக்கிற சின்னவர் பெரியவர் எல்லாரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். முதல் கூட்டம் டெல்லியில் நடந்தது. தம்பி ரயிலேறிப் போய்விட்டு வந்து, "நல்லபடியாத்தான் போச்சு" என்றதோடு நிறுத்திக்கொண்டான். இரண்டாவது கூட்டம் கம்ப்யூட்டர் திரையில். அதற்கு முன்னால் டெண்டரின் வரைவை அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் தந்தான். ஆங்கிலம் என்பதற்காக இல்லாவிட்டாலும் பிடுங்கிப் படித்திருப்பேன்.

பாதிக்கு மேல் ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். படங்கள் ஒரே ஒரு மத்திய நிலையத்துக்கு வரும், அங்கிருந்து இன்டர்நெட் வழியாக எல்லாருக்கும் போகும் என்று இருந்தது. செயற்கைக்கோள் நேரடியாக ஒளிபரப்பும் என்ற பேச்சே இல்லை. இப்போது மேலே இருப்பவை ஓய்ந்த பிறகு எங்கள் டிஷ்கள் வடகம் காயப்போடத்தான் ஆகும். தம்பிக்குப் பிழைப்பு இரண்டாவது முறையும் போய்விடும்.

"இதக் கூட்டத்துல கேக்கணும்டா" என்றேன்.

"கேட்டுக் கெடுத்துறாதக்கா. வாயத் தொறந்தா, இவன் பொழப்பே இதுலதான் இருக்குன்னு அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போகும். பெரிய கம்பெனிக்காரன் நம்ம பெட்டியப் பாதி வெலைக்குச் செஞ்சு வித்துருவான்."

"பெறகு எப்பத்தான் கேப்ப?"

"டீ குடிக்கைல."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேபிள் நடத்திய காலத்திலிருந்து தல்லாகுளத்து அரசு அலுவலகங்களில் அவன் பார்த்துப் பழகிய வழக்கம் அது. டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் அதிகாரி, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்பார். எல்லாரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். யார் எதைக் கேட்டாலும் அவர் எங்கே பலவீனம் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே! பிறகு வராண்டாவில் டீ வரும். அதிகாரி டம்ளரோடு நிற்பார். ஒவ்வொருவராக அவரை ஓரங்கட்டிக் காதோடு பேசுவார்கள். நிஜமான ஆலோசனை அங்கேதான் நடக்கும் என்றான்.

கூட்டத்தன்று எங்கள் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். முகம் தெரிந்தவை கொஞ்சம், வெறும் எழுத்துத் தெரிந்தவை அதிகம். டெல்லியிலிருந்து நடத்திய அதிகாரி ஒரு பெண்மணி. ஒவ்வொரு அம்சமாக ஆங்கிலத்தில் நிதானமாகப் படித்து, கருத்து உண்டா என்று கேட்டார். ஒரு குரலும் இல்லை. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

"ஏண்டா ஒருத்தரும் பேசமாட்டேங்கிறாங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"டீக்குக் காத்திருக்காய்ங்க."

"இதுல எங்கடா டீ வரும்?"

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். அதை அவன் யோசித்திருக்கவில்லை. திரையில் இருந்த ஒருவரும் யோசித்திருக்கவில்லை. நாடு முழுக்க இத்தனை கெட்டிக்காரர்கள், வராத டீக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் எங்கள் அம்சம் வந்துவிட்டது. யாருக்கும் மறுப்பு இல்லாததால் ஏற்றதாக எடுத்துக்கொள்கிறேன் என்று அதிகாரி சொன்னார். தம்பி தடுப்பதற்குள் மைக்கைத் திறந்துவிட்டேன்.

நேரடி ஒளிபரப்பு ஏன் இல்லை என்று கேட்டேன். இன்டர்நெட்டில் கிடைக்கும்போது அது யாருக்குத் தேவை என்றார் அவர். பெருங்காற்று வீசினால் எங்கள் பக்கம் முதலில் கரண்ட் போகும், பிறகு செல்போன் டவர் போகும், மழை அதற்குப் பிறகுதான் வரும் என்றேன். மேலூரில் அறுத்துக் காயப்போட்ட நெல்லை வாரிக் கட்டுவதா வேண்டாமா என்று பேட்டரியில் ஓடுகிற எங்கள் பெட்டியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்றேன். ஒரு பெரிய கம்பெனிக்காரர் குறுக்கே வந்து, அதைச் சேர்த்தால் எடையும் மின்சாரமும் கூடும் என்றார்.

அதிகாரி கோபப்படவில்லை. "போன கூட்டத்தில் இதையேதான் கேட்டேன். நேரடியாகப் படம் பிடிப்பவர்கள் யாராவது அரங்கில் இருக்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. அதனால்தான் எடுத்துவிட்டோம்" என்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் காது சிவந்துபோயிருந்தது. வந்த கோபத்துக்கு அவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன், மைக் திறந்திருந்தது. அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மேடம், ஐ வாஸ் தேர்" என்றான். அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. தமிழில் சொன்னான்.

"முன்வரிசையிலதான் மேடம் ஒக்காந்திருந்தேன். எனக்கு வேணும். சொன்னா அடுத்தவன் தட்டிப் பறிச்சிருவான்னு பயந்துக்கிட்டுச் சொல்லல. டீ குடிக்கைல ஒங்ககிட்டச் சொல்லுவோம்னு நெனச்சேன். ஒங்களச் சுத்திப் பெரிய ஆளுகளா நின்டாய்ங்க. கிட்டக்க வர முடியல."

டீ உட்பட ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு எழுத்து மட்டும் தெரிந்த ஒரு கட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஒடிசாக் கடற்கரையிலிருந்து பேசுகிறேன், மீனவர் சங்கங்களுக்கு இதே பெட்டியைப் பொருத்துகிறேன், நானும் அந்த அரங்கில் இருந்தேன் என்றது. அடுத்து அசாமிலிருந்து ஒருவர். அடுத்து இன்னொருவர். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவரையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். விற்கிறவர்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்ற என் சந்தேகம் அப்போது தீர்ந்தது. அரசாங்கத்துக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பியோ பேயறைந்தவனாக உட்கார்ந்திருந்தான். "இம்புட்டுப் பேராக்கா?" என்றான். இந்தியாவிலேயே தான் ஒருவன்தான் இதைச் செய்வதாக அத்தனை வருஷமும் நம்பியிருந்தான், பாவம்.

திருத்திய வரைவு சில மாதம் கழித்து வந்தது. நேரடி ஒளிபரப்பு சேர்ந்திருந்தது. கூடவே ஒன்று: படம் பிடிக்கும் பெட்டிகளை மாவட்டந்தோறும் பொருத்தும் வேலைக்குத் தனி டெண்டர், யாரும் வரலாம். பெரிய கம்பெனிகள் வராமல் இருக்குமா? தம்பி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு, கூட்டம் முடிகையில் குறித்து வைத்த ஒடிசாக்காரரின் நம்பரைத் தேடி எடுத்தான்.

"தனியா நின்டா நம்மள நசுக்கிருவாய்ங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டான்.

அரைகுறை இந்தி, அரைகுறை ஆங்கிலம், திக்கிய இடத்தில் நான். அடைமழையில் எங்கள் பெட்டி எந்த இடத்தில் தண்ணீர் கோத்துப் படுத்துக்கொள்ளும், அதற்கு அவன் என்ன செய்கிறான் என்பதை விலாவாரியாகச் சொன்னான். என்னிடம்கூட அதை அவன் சொன்னதில்லை. பிறகு மறுமுனையில் ஒடிசாக்காரரும் தன் பெட்டியின் கோளாறுகளைச் சொல்ல ஆரம்பித்தார்.