கூரையில் ஏறாத சூரியத் தகடு

நோட்டன் பிரிட்ஜைத் தாண்டியதும் பஸ் பழுதாகி நிற்கிறது. சாலையோரம், இன்னும் கரண்ட் வராத ஒரு லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அட்டன் நகரக் கடைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் சூரியத் தகடு ஒன்று, வெயில் காயும் கூரையை விட்டுவிட்டு, போஞ்சிக் கொடிகளுக்கு நடுவே கம்பத்தில் நிற்கிறது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எங்கள் பஸ் கிளப்பிய புழுதியைத் தகட்டிலிருந்து துடைக்கும் பெண்ணிடம் காரணம் கேட்கிறேன்.

"கூரை தோட்டத்துதுங்க. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் தொரைய கேக்கணும். கேட்டோம், வேணாம்னுட்டாரு. அதான் இங்க நட்டுட்டோம். ஒரு பல்பு எரியுது, புள்ளைங்க படிக்குதுங்க."

பக்கத்து அணைக்கட்டிலிருந்து கொழும்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகள் அந்தக் கூரைக்கு மேலேதான் போகின்றன. நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு அவரும் பார்க்கிறார்.

"அது போறதுக்கு எங்கள யாருங்க கேட்டா?"

சிரித்துக்கொண்டே மறுபடி துடைக்கிறார்.