பிஸ்கட் டப்பாவில் இருந்த கையெழுத்து

முதல் கோபம் என் மேல்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த ஆளைத் திட்ட ஆரம்பிக்க வேண்டும்.

ஏற்காடு கடைவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா நகல், சாதிச் சான்று, பள்ளி விண்ணப்பம் எல்லாம் எடுத்துத் தருவேன். வீடு கொட்டச்சேட்டுப் பக்கம். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள்தான். எங்களுக்குக் குடிதண்ணீர் என்றால் மேலே காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் ஊற்று ஒன்றுதான். தோட்டம் சேலத்தில் இருக்கும் ஒரு முதலாளியுடையது. ஆனாலும் தண்ணீர் எடுக்கப் போனவர்களை அதுவரை யாரும் தடுத்ததில்லை. சித்திரை வெயிலிலும் அதில் குடம் முங்கும்.

கடையில் என் மேசை டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் ஏழு டோக்கன்கள். பார்க்கப் பென்டிரைவ் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய டிஜிட்டல் கையெழுத்து. கம்ப்யூட்டரில் செருகி, அதற்குரிய ரகசிய 'பின்' நம்பரை அடித்தால், அவரே கையெழுத்துப் போட்டதாகக் கணக்கு. உரியவர் தன்னிடமே வைத்திருக்க வேண்டிய பொருள். எங்கள் மலையில் யார் வைத்திருக்கிறார்கள்? "உங்கிட்டயே இருக்கட்டும் கண்ணு, வேணுங்கறப்போ போட்டுக்க" என்று, கடைச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நானோ மறந்துவிடக் கூடாதென்று பின் நம்பரைப் பிளாஸ்திரியில் எழுதி அதன் மேலேயே ஒட்டி வைத்திருந்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. தோட்டத்து முதலாளியின் டோக்கனும் அந்த டப்பாவில்தான் கிடந்தது.

காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில், வெளிநாட்டுக்குக் காப்பி அனுப்பும் ஒரு கம்பெனியின் ஆள் கடைக்கு வந்தார். தோட்டத்தைப் பற்றிய விவரங்களை முதலாளியின் கையெழுத்தோடு பிளாக்செயினில் ஏற்ற வேண்டும் என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவோடு சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும், நகல்கள் பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் இருக்கும், ஓர் எழுத்தை மாற்றினாலும் தெரிந்துபோகும் என்றார்.

"ஒருத்தர் இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு மாத்திப் பேசினா, அவர் கையெழுத்தே அவரைப் பிடிச்சுக் குடுத்துருமுங்க" என்றார். கேட்க எவ்வளவு இனித்தது! இரட்டை நாக்குக்காரர்களிடம் பட்டுப் பட்டு நொந்த ஊர் எங்களுடையது.

முதலாளி போனில் வரி வரியாகச் சொல்ல, நான் அடித்தேன். 'எங்கள் தோட்டத்து ஊற்று கோடையிலும் வற்றாதது. சுற்றியுள்ள மலைக் குடும்பங்களோடு இந்த நீரைப் பகிர்ந்துகொள்கிறோம்.' எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. டோக்கனைச் செருகி, கையெழுத்தைப் போட்டு, ஏற்றிவிட்டேன்.

சில மாதம் கழித்து அவருடைய வக்கீல் ஒரு மனுவை அனுப்பி, முதலாளி கையெழுத்தைப் போட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிவிடச் சொன்னார். அன்று பள்ளிச் சேர்க்கைக்கான கூட்டம் வாசல் வரை நின்றது. மனு ஆறு பக்கம். ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டு அனுப்பினேன். சுற்றுலா வருபவர்கள் தங்குவதற்கு அவர் குடில்கள் கட்டப்போவதும், அதற்காக வேலி போட அனுமதி கேட்ட மனு அது என்பதும், ஊற்றுக்குப் போகும் வழியில் இரும்புக் கதவு வைத்துப் பூட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் மனுவைத் திறந்து பார்த்தேன். 'மழைக்காலத்தில் மட்டும் கசியும் நீர். கோடையில் காய்ந்துவிடும். பொதுமக்கள் எவரும் பயன்படுத்துவதில்லை.'

எவரும் பயன்படுத்துவதில்லையாம்! எங்கள் குடங்கள் இத்தனை காலம் காற்றிலா நிரம்பின? உடம்பெல்லாம் எரிந்தது. அப்புறம்தான் சங்கிலி ஞாபகம் வந்தது. இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து. வசமாக மாட்டினார் என்று இரண்டையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஊரே சேர்ந்து புகார் கொடுத்ததில், அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். விடாத மழை. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் குடை பிடித்தோம். முதலாளி காரில் வந்து இறங்கினார்.

"இந்த மழைல எங்க பாத்தாலும் தண்ணிதானுங்க சார். கோடைல வந்தா ஒரு சொட்டு இருக்காது" என்றார்.

நான் இரண்டு தாள்களையும் நீட்டினேன். அதிகாரி படித்துவிட்டு, "ரெண்டும் உங்க கையெழுத்துதானே?" என்று அவரைக் கேட்டார். அவர் அசரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டோக்கன் யாருகிட்ட இருந்துச்சு கண்ணு?"

"எங்கிட்டத்தானுங்க."

"பின் நம்பர் அடிச்சது?"

"நாந்தானுங்க."

"பாத்துக்கங்க சார். இந்தப் புள்ள என்னத்த ஏத்துச்சோ, என்னத்த அனுப்புச்சோ, எனக்கெப்படித் தெரியும்?"

பக்கத்து வீட்டு அக்கா என் கையைக் கிள்ளினாள். "நான் போடல, அவருதான் போட்டாருன்னு மாத்திச் சொல்லு சாமி" என்று காதுக்குள் சொன்னாள். ஒரு நொடி எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றிப் பேசியதற்காகத்தானே அந்த ஆளை அங்கே நிறுத்தியிருந்தோம்?

பையில் கொண்டுபோயிருந்த அவருடைய டோக்கனை எடுத்தேன். லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஏனுங்க, அடுத்தவங்க கையெழுத்த நான் போட்டது நொம்பத் தப்புதானுங்க. இப்ப நீங்களே உங்க கையால போடுங்க. ஊத்து வத்துமுன்னா, முதல்ல சொன்னது பொய்யின்னு காப்பிக் கம்பெனிக்குப் போடுங்க. வத்தாதுன்னா, ரெண்டாவது பொய்யின்னு சாருக்குப் போடுங்க."

அவர் சிரிப்பு நின்றது. பின் நம்பர் ஞாபகமில்லை என்றார். "நான் சொல்றனுங்க" என்றேன். வக்கீலைக் கேட்காமல் எதிலும் போட மாட்டேன் என்று சொல்லி, டோக்கனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருடைய கையெழுத்து அவரிடம் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி என் வாக்குமூலத்தை மட்டும் எழுதி, பேனாவால் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சித்திரையில் வந்து ஊற்றைப் பார்ப்பதாகவும், அதுவரை இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இருக்கிறபடி என்றால் பூட்டோடு.

மற்ற ஆறு டோக்கன்களையும் மறுநாளே உரியவர்களிடம் கொடுத்துவிட்டேன். நாலு பேர் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் ஒரு டப்பா இருக்கும். காப்பிக் கம்பெனிக்கு நடந்ததை எழுதினேன். பதிவில் கையெழுத்துச் சரியாக இருக்கிறது, திருத்தம் வேண்டுமென்றால் கையெழுத்துக்கு உரியவர்தான் சொல்ல வேண்டும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மரியாதையைப் படித்தபோது லேப்டாப்பைத் தூக்கி ரோட்டில் எறியலாம்போல இருந்தது.

இப்போது வாரம் இரண்டு நாள் டிராக்டரில் தண்ணீர் வருகிறது. வீட்டுக்கு ஆறு குடம். பக்கத்து வீட்டு அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவள் மேல் எனக்குக் குறையில்லை. வரிசையில் நிற்கும்போது சில நாள் போனில் அந்தப் பதிவைத் திறந்து பார்ப்பேன். கோடையிலும் வற்றாத ஊற்று. எங்களோடு பகிர்ந்துகொள்கிறார்கள். யாராலும் அழிக்க முடியாதாம்.