மெக்சிக்கோ இறைச்சி

அந்தப் பானையை அம்மா தன் வேலையிடத்துச் சிநேகிதி ஒருவரிடம் இரவல் வாங்கிக்கொண்டு வந்த நாளிலேயே எனக்கு அதைப் பிடிக்காமல் போய்விட்டது. கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் காது, கண்ணாடி மூடி, உள்ளே தனியாக எடுத்துக் கழுவக்கூடிய தடித்த பீங்கான் பாத்திரம். ஸ்லோ குக்கர் என்று பெயர். காலையில் இறைச்சியைப் போட்டு மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகலாம், பின்னேரம் திரும்பி வரும்போது தானாக வெந்திருக்கும் என்று அம்மா சொன்னார். சொன்ன குரலில் அம்மாவுக்கே முழு நம்பிக்கை இருக்கவில்லை. பால் காய்ச்சும்போதுகூட அடுப்பை விட்டு ஓரடி நகராத பெண் அவர்.

நாங்கள் அப்போது டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில் இருந்தோம். அப்பாவுக்குக் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. எனக்கு எட்டு வயது. அந்த நாட்டில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை நாலைந்து பேர் கொண்ட விளையாட்டுக் குழுக்களாகப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளையின் வீட்டில் எல்லோரும் கூடி விளையாடி, இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு போகவேண்டும். வகுப்பில் எந்தப் பிள்ளையும் தனித்துப் போய்விடக்கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. எங்கள் வீட்டு முறை நெருங்க நெருங்க நானோ எங்கள் வீட்டை அவர்களுடைய கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

சாமியறையில் எரியும் விளக்கைப் பார்த்து என்ன கேட்பார்களோ? குளிர்சட்டைகளில் ஏறியிருக்கும் கறி மணத்தை முகர்ந்து என்ன சொல்வார்களோ? இவற்றையெல்லாம் என்னால் மாற்ற முடியாது. சாப்பாட்டையாவது மாற்றலாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். அம்மா தமிழில் கேட்பார், நான் டேனிஷில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் அப்படித்தான்.

"சோறு கறி வேண்டாமெண்டா வேற என்னத்தைச் சமைக்கிறது பிள்ளை?"

"எல்லாரும் சாப்பிடுற சாப்பாடு ஏதாவது."

அம்மா வேலையிடத்தில் விசாரித்திருக்கிறார். மெக்சிக்கோ முறையில் மெதுவாக வேகவைத்து நூல் நூலாகப் பிய்த்த பன்றியிறைச்சியை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையே இந்த நாட்டில் இல்லை என்று அந்தச் சிநேகிதி சொல்லி, பானையையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் கோழி, ஆடு, மீன் தவிர வேறு எதுவும் அடுப்பில் ஏறியதில்லை. மாட்டையும் பன்றியையும் அப்பா வாசற்படிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார். ஆகவே அம்மா, அப்பாவிடமும் என்னிடமும் அதை 'மெக்சிக்கோ இறைச்சி' என்று மட்டும் சொன்னார். மெக்சிக்கோ என்பது பெரிய கொம்புள்ள ஏதோ ஒரு மிருகம் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

எங்கள் முறை வந்த நாள் விடியும்முன்னரே அம்மா எழும்பிவிட்டார். இறைச்சித் துண்டில் உப்பும் நற்சீரகமும் மிளகாய்த்தூளும் பூசி, உள்ளியும் வெங்காயமும் போட்டு, தோடம்பழச் சாற்றை ஊற்றினார். கடைசியில் மனம் கேட்காமல் எங்கள் கறித்தூளிலும் கொஞ்சம் தூவினார். மூடியை வைத்து, சின்னச் சூட்டுக்குத் திருப்பிவிட்டு, பானையைச் சுற்றியிருந்த துணி, கடதாசி எல்லாவற்றையும் அகற்றினார். எனக்குச் சப்பாத்துப் போட்டுவிட்ட பிறகும் ஒருமுறை உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க ஆளில்லாத வீடு. அப்பா வேறு அன்று வழக்கத்தைவிட முந்தியே வேலைக்குப் போய்விடுவார். கணக்குப் பாடத்தின் நடுவில் எங்கோ தூரத்தில் ஒரு சைரன் சத்தம் கேட்டபோது, எங்கள் வீட்டுக் கூரை எரிவதை நான் கண்ணால் கண்டேன். பள்ளிக்கூடம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகளை முந்திக்கொண்டு, ஓடாத குறையாக வீட்டுக்கு நடந்தேன். மூலை திரும்பியதும் வீடு அப்படியே நின்றது. அன்றைய பயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

என்னோடு வந்தவர்களில் சாஹ்ராவும் இருந்தாள். அவளுடைய குழு கலைந்துபோனதால், வகுப்பாசிரியை அன்று காலைதான் அவளை எங்கள் குழுவில் சேர்த்திருந்தார். சோமாலியப் பெற்றோரின் மகள். இறுக்கிப் பின்னிய தலைமயிர், சிரித்தால் தெரியும் விழுந்த பல்லின் இடைவெளி. அவள் வந்ததில் எனக்குச் சந்தோசம். அம்மாவுக்கும்தான். "இன்னொரு பிள்ளையா, வாங்கோ வாங்கோ" என்று இன்னொரு சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார். எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

வீடு முழுக்கப் பழச்சாறும் உள்ளியும் கலந்த மணம். அம்மா இறைச்சியைத் தட்டில் எடுத்து இரண்டு முள்ளுக்கரண்டிகளால் இழுக்க, அது பஞ்சுபோல நூல் நூலாகப் பிரிந்தது. அதைச் சாற்றில் பிரட்டி, தேசிக்காய் பிழிந்து, கடையில் வாங்கிய மெல்லிய ரொட்டிகளோடு கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் சுருட்டிச் சுருட்டிச் சாப்பிட்டார்கள். மிக்கெல் என்ற பொடியன் முகம் சிவந்து, பால் கேட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் எடுத்தான். சாஹ்ராதான் எல்லோரையும் விட அதிகம் சாப்பிட்டாள். தங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் போல உறைப்பாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவின் முகத்தில் காலையிலிருந்து காணாத சிரிப்பு. அவர் பாத்திரம் கழுவ உள்ளே போனார்.

மிக்கெல்தான் வாயைத் திறந்தான். கெட்ட எண்ணத்தில் அல்ல. ஞாபகம் வந்ததும் சொல்லிவிடுகிற பிள்ளை அவன்.

"சாஹ்ரா, நீ பன்றி சாப்பிடக்கூடாதே? இது பன்றிதான். என்ர அப்பாவும் செய்யிறவர்."

சாஹ்ரா என்னைப் பார்த்தாள். நான் பானையைப் பார்த்தேன். கொம்புள்ள மிருகம் எனக்குள் செத்து விழுந்தது. அவள் கையிலிருந்த மிச்சத்தை மெதுவாகக் கோப்பையில் வைத்துவிட்டு எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தமும், நடுவில் ஓங்காளிக்கும் சத்தமும் கேட்டன.

சாஹ்ராவின் அப்பாவை எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பஸ் ஓட்டுபவர். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். ஒருமுறை சைக்கிள் கொட்டகையின் கூரையில் ஏறி நின்ற மிக்கெலை மைதானத்தின் மறுகரையிலிருந்து ஒரேயொரு அதட்டலில் இறக்கியவர். இறங்கிய மிக்கெல் காற்சட்டை மாற்றவேண்டி வந்தது. அந்த மனிதர்தான் இன்னும் சற்று நேரத்தில் எங்கள் வீட்டு மணியை அடிக்கப்போகிறார்.

நாங்கள் குளியலறை வாசலில் கூடி ஒரு முடிவெடுத்தோம். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. மிக்கெல்தான் முதலில் சத்தியம் செய்தான். சாஹ்ராவும் தலையாட்டினாள். ஆனால் கண்ணீரை நிறுத்த அவளால் முடியவில்லை. அந்த நேரம் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன் அழுறா அந்தப் பிள்ளை?"

அம்மாவிடம் மறைக்க என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் அப்படி வெளிறியதை நான் அதற்குமுன் கண்டதில்லை. அவர் சாஹ்ராவின் முன் முழந்தாளிட்டு, அவளுடைய முகத்தைத் தன் கைகளால் துடைக்கப் போனார். பிறகு அந்தக் கைகளில் இறைச்சி மணப்பது நினைவுக்கு வந்தவர்போல அவற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

டேனிஷ் பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோர் வந்து ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். தொழிற்சாலை இரைச்சலுக்கு மேலால் அப்பா கத்தியது எனக்கும் கேட்டது.

"பன்றியோ? எங்கட வீட்டிலயோ?"

"அதைப் பிறகு கதைப்பம். இப்ப என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

அப்பா குரலைத் தணித்தார். "ஒண்டும் சொல்லாதையும். சின்னப் பிள்ளை, நாளைக்கு மறந்திடும். அந்தாள் என்ன செய்யுமோ ஆருக்குத் தெரியும்? நான் வீட்டில இல்லாத நேரம். வாயைத் திறக்காதையும்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. பெரியவரான அப்பாவும் நாங்கள் குளியலறை வாசலில் எடுத்த முடிவைத்தான் எடுத்திருந்தார்.

மணி அடித்தது. வெளியே மழை, நல்ல இருட்டு. வாசலை நிறைத்துக்கொண்டு சாஹ்ராவின் அப்பா நின்றார். பஸ் நிறுவனத்துக் கறுப்புக் குளிரங்கி, அதிலிருந்து சொட்டும் தண்ணீர். நான் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். டேனிஷில் தொலைபேசி வந்தால் எடுக்கப் பயந்து என்னிடம் நீட்டுபவர் அம்மா. அன்றைக்கு என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை.

"இன்றைக்கு நான் பன்றி சமைத்தேன்" என்றார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "உங்கள் பிள்ளை சாப்பிட்டது. அதுக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. நான் பிழை. பிள்ளை இல்லை பிழை."

அவர் அம்மாவைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. அதற்குள் அடி விழும், கண்ணாடி உடையும், பொலிஸ் வரும் என்று எனக்கு எல்லாம் தோன்றி முடிந்துவிட்டது. பிறகு அவர் குனிந்து சாஹ்ராவிடம் தங்கள் மொழியில் என்னவோ கேட்டார். உரத்த குரல். அவள் கேவிக் கேவிச் சொன்னாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் "தக்" என்றார். நன்றி என்று அர்த்தம். அந்தக் குரலில் அது உறுமலாகத்தான் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

நான் யன்னலுக்கு ஓடினேன். காருக்குள் ஏறினார்கள். விளக்கு எரிந்தது, கண்ணாடியில் மழை துடைப்பான் ஆடியது, ஆனால் கார் நகரவில்லை. அது நின்ற ஒவ்வொரு கணமும் என் பயம் பெருத்தது. "அம்மா, போறார் இல்லை" என்றேன். என்னை அறியாமல் தமிழில் சொல்லியிருந்தேன். அம்மா விளக்கை அணைப்பதா விடுவதா என்று தெரியாமல் சுவரில் கையை வைத்தபடி நின்றார். கார்க் கதவு திறந்தது. அவர் மட்டும் இறங்கி மழைக்குள் எங்கள் வாசலை நோக்கி வந்தார். மறுபடியும் மணி அடித்தது.

நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. சாஹ்ரா திங்கட்கிழமை வகுப்புக்கு வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அடுத்த முறை குழு அவர்கள் வீட்டில் கூடியபோது, நாங்கள் இறைச்சியே தொடாதவர்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, அவளுடைய அப்பா எனக்கென்று தனியாக உருளைக்கிழங்கும் கரட்டும் அவித்து வைத்திருந்தார். மற்றவர்கள் கோழிக்கால் கடிக்க, நான் அவர் முகத்துக்குப் பயந்து கரட் முழுவதையும் தின்று முடித்தேன். அப்பா மட்டும் சில நாட்கள் அம்மாவோடு சரியாகக் கதைக்கவில்லை. பன்றிக்காகவா, சொல் கேட்காததற்காகவா என்று அவரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த இரண்டாவது மணிக்கு அம்மா கதவைத் திறந்தபோது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. என்னை உள்ளே போகச் சொன்னார். நான் அறைக் கதவின் பின்னால் நின்றேன். சாஹ்ராவின் அப்பா உள்ளே வரவில்லை. மழை அவர் தோளில் விழ, படியிலேயே நின்று பேசினார். அம்மாவின் டேனிஷைப் போலவே அவருடையதும் உடைந்து உடைந்து வந்தது.

"நான் இந்த நாடு வந்து, முதல் வேலை. சாப்பாடு அங்கே. நான் கேட்டேன், பன்றியா? இல்லை, மாடு, சொன்னார்கள். பிறகு ஒருநாள் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஒரு குளிர்காலம் முழுக்க." கொஞ்சம் நிறுத்தி, "ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள்" என்றார்.

அம்மா கதவுப் பிடியை விடாமல் நின்றார். பிறகு மிகவும் சின்னக் குரலில், "எனக்கும்" என்றார். "எனக்கு, மாடு."

அம்மாவின் தோள்கள் குலுங்கின. அந்த உயரமான மனிதர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொற்கள் எல்லாம் காதில் விழுந்தன, ஆனால் எதைப்பற்றிப் பேசுகிறார்கள் என்று அந்த வயதில் விளங்கவில்லை; மனதில் தங்கியது குளிர்காலம் என்ற ஒரு சொல்தான். அவருக்குக் குளிர்கிறதாம், அம்மாவும் தனக்குக் குளிர்கிறது என்கிறார் என்று விளங்கிக்கொண்டு, அறைக்குள் ஓடி அம்மாவின் கம்பளிச் சால்வையை எடுத்துவந்து அம்மா கையில் கொடுத்தேன். பிறகு, அப்போதும் பயம் தீராமல், மாமாவுக்கும் ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.