காக்கையை மறைத்த உள்ளங்கை

சென்ற வியாழக்கிழமை காலை, ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து ரயிலேறி வந்த ஒருவர் திருவொற்றியூரில் என் வீட்டு வாசலில் நின்றார். ரோசம்மாள் டீச்சர் விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்றும், சாயங்காலம் அடக்கம் என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. "இருக்காதே, திங்கட்கிழமைதானே அவங்க கார்டு வந்துது?" என்று அந்த மனிதரிடமே வாதாடினேன்.

கண் பார்வை மங்கிய பிறகு ரோசம்மாள் சொல்லச் சொல்ல, எங்கள் பழைய மாணவி அஞ்சலை மாதாமாதம் எனக்குக் கார்டு எழுதுவாள். திங்கட்கிழமை வந்ததிலும் முகவரி அதே கையெழுத்தில் இருந்தது. அதை மட்டும் பார்த்துவிட்டு, வழக்கமான நலம் விசாரிப்புதான் என்று நானே முடிவு கட்டி, சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் செருகிவிட்டேன். வந்தவர் எதிரிலேயே அதை எடுத்துப் படித்தேன். "டீச்சரம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல. சாரை ஒரு தபா பாக்கணும்னு சொல்லிகினே கீறாங்க. சீக்கிரம் வாங்க" என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. மூன்று நாள் அந்தக் கார்டு என் வீட்டில் இருந்திருக்கிறது. ராயபுரம் எனக்கு ரயிலில் எட்டும் தூரம்தான்.

அவரை அறிந்த உங்களிடம் இதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கல்மண்டபத்தில் நாங்கள் நடத்திய ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒரே ஒரு ஓட்டுக் கூடம். ஆர்பர் என்று அவர்கள் சொல்லும் துறைமுகத்தில் கரி அள்ளுகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், ரயில்வே கூலிகள் ஆகியோரின் பிள்ளைகள் படித்தார்கள். நான் தலைமை ஆசிரியர். ரோசம்மாள் வந்து சேர்ந்த வருஷம், பள்ளிக்கூடத்தின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அடுத்த பரீட்சையிலும் மூன்றாம் வகுப்பு சரியாக வாசிக்காவிட்டால் அங்கீகாரம் ரத்து என்று இன்ஸ்பெக்டர் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். ரத்தானால் கதவைச் சாத்த வேண்டியதுதான். பிள்ளைகள் மீன் கூடைக்கும் கரிக் கூடைக்கும் போய்விடுவார்கள்.

விடுவேனா நான்? வாசகப் புத்தகம் முழுவதையும் காலையும் மாலையும் கத்த வைத்து மனப்பாடம் செய்வித்தேன். இன்ஸ்பெக்டர் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் அதில் ஒரு படம் இருக்கும். காக்கை என்றால் காக்கைப் பாடம், மாட்டு வண்டி என்றால் சந்தைப் பாடம். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் காலை வகுப்பில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், எல்லாப் புத்தகத்திலும் எல்லாப் படத்தின் மேலும் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து ரோசம்மாள் கஞ்சிப் பசை தடவி ஒட்டியிருக்கிறார். முன்வரிசைப் பையன் ஒருவன் அழ மாட்டாத குறையாக என்னிடம் முறையிட்டான்: "சார், காக்காவ காணோம் சார். எப்டி படிக்கிறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது பள்ளிக்கூடத்துக்குக் குழி தோண்டுகிறீர்களா என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "படம் போனதும் பாடமும் போச்சே சார். அப்ப இவங்க பாத்தாங்க, அவ்வளவுதான். படிக்கல" என்றார். அன்று முதல் எந்தப் பிள்ளையிடமும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பாத்தியா, படிச்சியா?"

பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "உன் வூட்டு சேதி ஒண்ணு சொல்லு" என்பார். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே அதன் சிலேட்டுப் பலகையில் எழுதி, விரல் வைத்துப் படிக்கச் சொல்வார். வகுப்பிலேயே மந்தம் என்று நான் தள்ளிவைத்திருந்த அஞ்சலை, "எங்க நைனா ஆர்பர்ல கரி தூக்கினு கீறாரு" என்றாள். அதை எழுதிக் காட்டினார். அவள் எழுத்துக்கு எழுத்து விரலை நகர்த்திக் கடைசிவரை போய்விட்டு, "டீச்சரம்மா, இது நான் சொன்னது! இதுல கீது!" என்று கூவினாள். இந்தப் பேச்சையெல்லாம் பலகையில் ஏற்றலாமா என்று நான் முகம் சுளித்தேன். "எழுத்து மொதல்ல அவங்க பேச்சைப் பேசட்டும் சார். அப்புறம் புஸ்தகப் பேச்சு தானா வரும்" என்றார் ரோசம்மாள்.

அஞ்சலை அந்தப் பலகையை அழிக்க விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் அவள் தகப்பனார் உடம்பெல்லாம் கரித்தூளோடு வாசலில் வந்து நின்றார். "சார், எங்க ஆர்பர் சமாச்சாரமெல்லாம் எழுத்துல வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். அதைச் சொன்ன பிறகு ரோசம்மாளோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பயம் போகவில்லை. பிள்ளைகள் இப்போது படித்தார்கள். நத்தை மாதிரி படித்தார்கள். இன்ஸ்பெக்டருக்கோ வேகம் வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாள், எல்லாரும் போன பிறகு, நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு புத்தகத்தை எடுத்து, காக்கைப் படத்தின் மேலிருந்த காகிதத்தை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தேன். மற்றதையும் உரிக்க உட்கார்ந்தபோது, மறந்துவிட்ட குடையை எடுக்க ரோசம்மாள் திரும்பி வந்தார். என்னையும் புத்தகத்தையும் பார்த்தார். "நீங்க தலைமை, உங்க இஷ்டம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையோடு போய்விட்டார். திட்டியிருந்தால் எல்லாவற்றையும் உரித்திருப்பேன். அதற்குப் பிறகு கை ஓடவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அடுக்கிலிருந்து எடுத்த புத்தகம், பாழாய்ப்போன அதேதான். காக்கைப் பக்கத்தைப் பிரித்து அவர் நீட்டியது அஞ்சலையிடம். படம் பளிச்சென்று தெரிந்தது. பழைய மனப்பாடம் அவளுக்கு மறந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டே ஒப்பித்திருக்கலாம். ஒப்பித்துவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் இடது உள்ளங்கையை விரித்துக் காக்கையின் மேல் வைத்தாள். வலது கை விரலை முதல் எழுத்தில் வைத்தாள். மெதுவாகப் படிக்கத் தொடங்கினாள்.

"ஏன் படத்தை மறைக்கிறாய்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"காக்காவ பாத்தா வாய் தானா ஓடும் சார். எழுத்த பாக்க வுடாது."

ஒன்பது வயதுப் பெண், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் செய்த திருட்டுத்தனத்தைக் கையால் மூடிவிட்டாள். சுவரோரம் நின்ற ரோசம்மாளைப் பார்த்தேன். அவர் உதடுகள் அவளோடு கூடவே அசைந்துகொண்டிருந்தன. இத்தனை பெரிய மனுஷியோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

இன்ஸ்பெக்டர் தம் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து நீட்டினார். அதையும் தட்டித் தடவி மூன்று வரி படித்தாள். மற்றவர்களையும் அப்படியே சோதித்தார். சிலர் தேறவில்லை. போகும்போது பதிவுப் புத்தகத்தில், "மெதுவாகப் படிக்கிறார்கள், ஆனால் படிக்கிறார்கள்" என்று எழுதி அங்கீகாரத்தை நீட்டித்தார். ரோசம்மாள் அதை வாசித்துவிட்டு, தேறாத பிள்ளைகளின் பெயர்களை என்னிடம் கேட்டார். மறுநாளே அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கொள்ளவில்லை. மண் போட்டு முடிந்ததும் அஞ்சலை என்னிடம் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மூணு நாளா வாசலையே பாத்துகினு இருந்தாங்க சார். கார்டு வர்லியா?"

"வந்தது அம்மா" என்றேன். "பார்த்தேன். படிக்கவில்லை."

அவள் என் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டாள்.

காகிதம் உரித்த அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காக்கையின் மேல் கஞ்சிப் பசையின் வடு தெரியும். அதற்குள் இப்போது அந்தக் கார்டையும் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை வெளியே எடுத்து, எனக்குப் பழக்கமான அந்த முகவரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படிக்கிறேன்.