கல்யாண மேடையில் ஒரு கிளப் பாட்டு

அறுபதுகளின் தொடக்கத்தில், கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, எனக்கும் என் அறைத்தோழிக்கும் கிளப் பாட்டுப் பித்து. சினிமாவில் மங்கலான வெளிச்சத்தில், கையில் கோப்பையோடு, ஒருத்தி வராத காதலனை நினைத்துப் பாடுவாளே, அந்த மாதிரிப் பாட்டு. கதாநாயகி பூந்தோட்டத்தில் ஓடியாடிப் பாடுவதெல்லாம் எங்களுக்குச் சப்பென்றிருந்தது. கிளப் எப்படி இருக்கும் என்றே தெரியாது. இருமல் மருந்தைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை. காதலன் என்று ஒருவன் இருந்தால்தானே வராமல் போவதற்கு? ஆனாலும் அந்தச் சோகம் எங்களைக் கிறுகிறுக்க வைத்தது. கடைசியில் நாங்களே ஒன்று எழுதினோம்.

கடைசி ரயிலும் போயாச்சு – என்
கைக்குட்டை மட்டும் ஈரமாச்சு

மெட்டு தோழியுடையது. அக்கார்டியன் நன்றாக வாசிப்பாள்.

படிப்பு முடிந்ததும் பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருந்த குடும்பத்தில் எனக்குக் கல்யாணம். மாலை வரவேற்பில் பாட்டுக் கச்சேரி. மேட்டுப்பாளையத்திலிருந்து வரவேண்டிய பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். வாத்தியக்காரர்கள் மட்டும் வந்திருந்தார்கள். வெறும் வாத்தியம் கேட்டு அலுத்த கூட்டம் பந்திப் பக்கம் திரும்பத் தொடங்கியது. தோழி அக்கார்டியனோடு மேடையேறி, நம் பாட்டைப் பாடு என்று என் காதில் சொன்னாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அதுவரை என்னிடம் நாலு வார்த்தை பேசியிராத மனிதர், அந்நியரிடம் சொல்வதுபோல் "பாடுங்க" என்றார்.

கழுத்தில் மாலை, உடம்பில் கூறைப்பட்டு. கண்ணைச் செருகிக்கொண்டு, கைவிடப்பட்டவளாகப் பாடினேன். முதல் வரியிலேயே அம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். இரண்டாவது சரணத்தில் எனக்கு யாருமே தெரியவில்லை.

பாடி முடித்ததும் மாமனார் எழுந்து மேடைக்கு வந்தார்.

"ஏனம்மணி, அந்த ஆளு கடசீல வந்தானா, வரலியா?"

"வரலீங்க, மாமா."

"அடப் பாவமே. அவன வர வெச்சு இன்னொருக்காப் பாடு கண்ணு."

நானும் தோழியும் குசுகுசுவென்று பேசி, கடைசி ரயிலிலேயே அவனை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினோம். கூட்டம் கைதட்டியது. மாமனாருக்குப் பரம திருப்தி. அவன் வந்து இறங்கியதுமே பாட்டு செத்துப்போனது எங்கள் இருவருக்கும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

பந்தியில் பக்கத்து இலையிலிருந்து மாப்பிள்ளை மெதுவாகச் சாய்ந்தார்.

"மொதல்ல பாடுனதுதானுங்க நல்லாருந்துது. அவன் வராததுதான் சரி."

எனக்குத் தலை சுற்றியது. பாயசத்தை ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துவிட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் இலையிலும் அப்படியே ஊற்றச் சொன்னார்.